ஸ்லோ சைக்கிள் ரேஸும் கயிறு கட்டின விமானமும்: கேரியர் மாடலுக்கு எப்படிப்பட்ட இறக்கை?

பொங்கலுக்கு ஊரில் நடக்கும் போட்டிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லோ சைக்கிள் ரேஸ்தான். கால் ஊன்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, கடைசியாக வந்து சேர்கிறவனுக்குத்தான் எவர்சில்வர் குடம். வேகமாக மிதிக்க எல்லோராலும் முடியும். மெதுவாக மிதிக்கும்போதுதான் ஹேண்டில் பார் ஆடும், முழங்கால் ஆடும், கூட நிற்கிறவன் சிரித்தால் விழுந்தே விடுவோம். இப்போது அதே ஆளை, அதே சைக்கிளில், முதலில் உயிரைக் கொடுத்து வேகமாக மிதிக்கச் சொல்லி, உடனே ஸ்லோ ரேஸும் விடச் சொல்லி, முடித்த கையோடு குறுக்கே கட்டின கயிற்றில் மாட்டி நிற்கவும் சொன்னால் எப்படி இருக்கும்? கன்ட்ரோல் லைன் மாடல்களில் 'கேரியர்' என்று ஒரு போட்டி உண்டு, ஏறக்குறைய இதேதான்.

கன்ட்ரோல் லைன் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது விமானம் என்றாலே பிள்ளைகள் ட்ரோன் என்றுதான் நினைக்கிறார்கள். செக்கு மாடு சுற்றுவது போல விமானம் நம்மைச் சுற்றிவரும், நாம் நடுவில் நின்று கூடவே திரும்ப வேண்டும். கையில் ஒரு கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பி இடது இறக்கை வழியாக உள்ளே போய் 'பெல்கிராங்க்' என்ற முக்கோணத் தகட்டில் மாட்டியிருக்கும். கைப்பிடியை மேலே சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், தகடு திரும்பும், வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற அசையும் பலகை திரும்பும், விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான் கட்டுப்பாடு. 1940களில் அமெரிக்காவில் ஜிம் வாக்கர் என்பவர் இதை 'யூ-கன்ட்ரோல்' என்று விற்றுப் பிரபலமாக்கினார், ஒரே நேரத்தில் மூன்று விமானங்களைச் சுற்றிக் காட்டுகிற வித்தைக்காரர். நம் ஊரில் என்.சி.சி. ஏர் விங்கில் இருந்தவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள், அவர்களுக்காக நடக்கும் வாயு சைனிக் முகாமில் இது ஒரு போட்டி. எனக்கும் அங்கேதான் தலை சுற்ற ஆரம்பித்தது, இரண்டு அர்த்தத்திலும்.

சரி, கேரியர் போட்டிக்கு வருவோம். கடற்படை விமானங்களின் மாடல்கள்தான் இதில் பறக்கும். தரையில் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளம் போல ஒரு மேடை இருக்கும். அதிலிருந்து கிளம்பி 7 சுற்று முடிந்தவரை வேகமாக, அப்புறம் 7 சுற்று முடிந்தவரை மெதுவாக, கடைசியில் வாலுக்கு அடியில் தொங்கும் கொக்கியை மேடையில் குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டி இறங்க வேண்டும். பெரிய மாடல்களுக்குக் கம்பியின் நீளம் 60 அடி. ஏன் 7 சுற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60 அடி ஆரத்தில் 7 சுற்று என்றால் சரியாக அரை மைல் வருகிறது, சுமார் 805 மீட்டர். மெதுவான பகுதிக்கான மதிப்பெண் எப்படி வரும் என்றால், வேகமாகப் போன வேகத்தை மெதுவாகப் போன வேகத்தால் வகுத்து.

அந்த வகுத்தலில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் மாடல் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, 32 கிலோமீட்டர் வரை மெதுவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 4. மெதுவான வேகத்தை 32லிருந்து 29க்குக் கொண்டுவந்தால் விகிதம் 4.4. அதே 4.4ஐ மேல்பக்கத்திலிருந்து எட்ட வேண்டும் என்றால் 141 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றின் எதிர்ப்பைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும் என்பதால் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி தேவை. புது எஞ்சின் வாங்குவதா, இறக்கையைக் கொஞ்சம் நோண்டி 3 கிலோமீட்டர் குறைப்பதா? என் பர்ஸுக்கு இரண்டாவதுதான் சரிப்படும். இறக்கையில் ஆராய்ச்சி செய்யக் காரணமே இதுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு, பயப்பட வேண்டாம். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் கால் பங்கானால் தூக்குவிசை பதினாறில் ஒரு பங்காகிவிடும், ஆனால் விமானத்தின் எடை மட்டும் அப்படியே இருக்கும். ஆக, மெதுவாகப் போகும்போது அதே இறக்கை 16 மடங்கு திறமையாக வேலை பார்த்தாக வேண்டும். எப்படிப் பார்க்கும்? மூக்கைத் தூக்கிக் காற்றில் சாய்ந்து நிற்கும், அந்தச் சாய்வு கூடக் கூடத் தூக்குவிசை கூடும். ஆனால் சாதாரண இறக்கை 12, 15 டிகிரி தாண்டினால் மேல்பக்கக் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும், தூக்குவிசை பொத்தென்று விழும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். ஒரு கிலோ எடை, 300 சதுர அங்குல இறக்கை என்றால் 32 கிலோமீட்டர் வேகத்திலேயே அது ஸ்டாலின் வாசல்படியில் நிற்கிறது.

இது எல்லா விமானத்துக்கும் இருக்கிற பிரச்சினை. கயிறு கட்டின விமானத்துக்கு மட்டும் இன்னொன்று கூடுதலாக இருக்கிறது. சித்திரைத் திருவிழாச் சமயம் தமுக்கம் பொருட்காட்சியில் சங்கிலியில் தொங்கும் ராட்டினம் பார்த்திருப்பீர்கள், வேகம் எடுக்க எடுக்க ஆட்கள் வெளியே விரிந்து பறப்பார்கள், மெதுவானால் சங்கிலி துவண்டு நேராகத் தொங்கும். அதே கதைதான். ஒரு கிலோ விமானம் 60 அடி கம்பியில் 128 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினால் கையை 7 கிலோ இழுக்கும். 32 கிலோமீட்டரில் அரைக் கிலோகூட இழுக்காது. கம்பி துவண்டால் கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் எலிவேட்டர் அசையாது, விமானம் தன் இஷ்டத்துக்கு நம்மைப் பார்த்து வரும். எனவே மெதுவாகப் பறக்கும் இறக்கை, தூக்கினால் மட்டும் போதாது, கயிற்றை விறைப்பாகவும் வைத்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் பாதியை மட்டும் யோசித்து இறக்கை செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அந்த இறக்கை இப்போது பரணில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

நிஜக் கடற்படை விமானங்கள் இதே மெதுவாகும் பிரச்சினையை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தால் யோசனை நிறையக் கிடைக்கும். 1955இல் முதலில் பறந்த க்ரூசேடர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில், இறங்கும்போது உடம்பு அப்படியே இருக்க இறக்கை மட்டும் 7 டிகிரி நிமிர்ந்துகொள்ளும். விமானிக்கு முன்னால் கப்பல் தெரிய வேண்டுமே, மூக்கைத் தூக்கினால் மறைத்துவிடும். நம் தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வடிவத்தில் முக்கோண இறக்கையின் முன் ஓரம் உடம்போடு சேரும் இடத்தில் லெவ்கான் என்று ஒரு அசையும் பரப்பு வைத்திருக்கிறார்கள், மெதுவான வேகத்தில் கட்டுப்பாட்டுக்கு உதவ. அந்த விமானம் 2020 ஜனவரி 11 அன்று ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கயிற்றில் மாட்டி இறங்கியது. நமக்கு ஒரு சௌகரியம், மாடலுக்குள் விமானி இல்லை, முன்னால் தெரிகிறதா இல்லையா என்ற கவலை கிடையாது. மூக்கை நன்றாகவே தூக்கலாம். அப்படித் தூக்கும்போது ப்ரொப்பெல்லரும் மேல்நோக்கி இழுப்பதால், எடையில் ஒரு பங்கை அதுவே சுமக்கும். கேரியர்காரர்கள் விமானத்தை ப்ரொப்பெல்லரில் தொங்கவிட்டு ஆமை மாதிரி நகர்த்துவது இப்படித்தான். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது விழப்போகிறது என்றே தோன்றும்.

இனி நானும் என் அக்கா மகனும் செய்துபார்த்தவை. இடம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாய். விமானம் சின்னது: எலெக்ட்ரிக் மோட்டார், 500 கிராம் எடை, 12 மீட்டர் நூல். பால்சா மரம் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையும் கசக்கும். அதனால் உடம்பு மட்டும் பால்சா, பரிசோதனை இறக்கைகள் எல்லாம் தெர்மாகோல், மேலே பிரவுன் டேப். (தெர்மாகோலை ஃபெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள், கரைத்துவிடும். ஃபெவிகால் போட்டு ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள்.) இறக்கையை ரப்பர் பேண்டில் கட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், விழுந்தாலும் கழன்றுவிடும், உடையாது. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு மூன்றாவது கம்பி போடுவது பழைய முறை. இப்போது நிறையப் பேர் த்ராட்டில், ஃப்ளாப் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) இரண்டையும் ரேடியோவில் வைத்துக்கொள்கிறார்கள், ஏற்ற இறக்கம் மட்டும் கம்பியில். நாங்களும் அப்படித்தான். மேல்தளத்துக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். மதுரையில் அதற்கா பஞ்சம்? யாரோ ஒரு காதணி விழாத் தாய்மாமனின் கும்பிட்ட கைமேல்தான் எங்கள் விமானம் இறங்கும். குறுக்கே சணல் கயிறு, இரண்டு முனையிலும் மண் நிரப்பிய பால் பாக்கெட் கவர். கேலிக்காகச் சொல்லவில்லை, 1911 ஜனவரி 18 அன்று யூஜின் ஈலி என்ற அமெரிக்க விமானி முதன்முதலில் ஒரு போர்க்கப்பல் மேல் விமானத்தை இறக்கியபோதும் கயிற்றின் முனைகளில் மண் மூட்டைதான்.

முதல் இறக்கை 80 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம், மேலும் கீழும் ஒரே வளைவு, மெல்லியது. வேகம் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு சுற்றுக்கு 8 வினாடிக்கு மேல் இழுத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டாவது, அதே அளவு, அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் தடித்த வளைவு. மெதுவான பகுதியில் நல்ல முன்னேற்றம், 9 வினாடியைத் தாண்டியது. ஆனால் வேகமாகப் போகும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும், நாம் கீழே அழுத்திப் பிடித்தே ஓட்ட வேண்டும், அந்தச் சண்டையில் கொஞ்சம் வேகம் போய்விடும். வளைந்த இறக்கை கேட்காமலேயே தூக்கும், வேகத்தில் அது தேவையே இல்லை என்பதுதான் சிக்கல்.

அப்போதுதான் ஃப்ளாப் என்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று புரிந்தது. இறக்கையின் பின் ஓரத்தில் கால் பங்கு அகலத்தைக் கீல் போட்டு மடக்குகிற மாதிரி வைத்தால், வேகத்துக்குத் தட்டையான இறக்கை, மெதுவுக்கு வளைந்த இறக்கை, இரண்டும் ஒன்றிலேயே கிடைத்துவிடும். ஆனால் முதல் தடவை ஃப்ளாப்பை ஒரே வெட்டில் 40 டிகிரி இறக்கினேன். விமானம் பலூன் மாதிரி மேலே எழும்பியது, வேகம் செத்தது, நூல் துவண்டது, அப்படியே எங்களை நோக்கித் திரும்பியது. என் அக்கா மகன் குனிந்துகொண்டான், நான் பின்னால் ஓடினேன். நூல் துவண்டால் செய்ய வேண்டியது அதுதான், யோசிக்காமல் பின்வாங்கி நடந்து நூலை விறைப்பாக்குங்கள். அதற்குப் பிறகு ஃப்ளாப் இறங்க இரண்டு வினாடி ஆகிற மாதிரி, அதை அசைக்கும் சர்வோ என்ற குட்டி மோட்டாரை மெதுவாக்கிவிட்டோம், அளவும் 25 டிகிரி போதும் என்று நிறுத்திக்கொண்டோம். இதுவரை செய்ததில் செலவுக்கு அதிகப் பலன் தந்தது இதுதான் என்பேன்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. சின்ன இறக்கை மெதுவாகப் போகும்போது காற்று சோம்பேறியாகிவிடும், இறக்கையின் வளைவைத் தொடர்ந்து போகாமல் பாதியிலேயே பிரிந்துவிடும். முன் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால், அகலத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி, நீளவாக்கில் ஒரு நூலை ஒட்டினால் காற்று அதில் தடுக்கிக் கலங்கும், கலங்கின காற்று பரப்பை ஒட்டியே போகும். சத்தியமாக வேலை செய்கிறது. நாங்கள் ஒட்டியது வீட்டில் மல்லிகைப் பூக் கட்ட வைத்திருந்த நூல். அக்கா இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து நீளம் அகல விகிதம். இதில்தான் நான் புத்தகத்தில் படித்ததை ஒதுக்கி வைக்க வேண்டி வந்தது. கிளைடர் மாதிரி நீண்டு ஒடுங்கின இறக்கைதான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், அது காற்றிழுப்பு குறைவாக வேண்டிய இடத்தில் உண்மை. நமக்கு மெதுவான சுற்றில் காற்றிழுப்பு எதிரியே இல்லை, மோட்டார் தள்ளிக்கொண்டுதானே இருக்கிறது. வேகமான சுற்றில் இறக்கை தூக்கும் வேலை அதிகம் பார்ப்பதில்லை என்பதால் அகலமான இறக்கையின் நஷ்டம் அங்கேயும் கொஞ்சம்தான். மாறாக அகலமான குட்டை இறக்கை இன்னும் அதிகச் சாய்வு வரை ஸ்டால் ஆகாமல் தாக்குப்பிடிக்கும், ஸ்டால் ஆனாலும் திடீரென்று கவிழாது. இன்னொன்று, ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று எப்போதும் வேகமானது, விமானம் எவ்வளவு மெதுவாகப் போனாலும். 25 சென்டிமீட்டர் ப்ரொப்பெல்லரின் காற்று 80 சென்டிமீட்டர் இறக்கையில் 31 சதவீதத்தை நனைக்கிறது. அதே பரப்பில் 60க்கு 24 என்று குட்டையாகச் செய்தால் 42 சதவீதத்தை நனைக்கும். செய்து கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாமா, இது விமானமா முறமா?" என்றான் அக்கா மகன்.

முறம்தான். ஆனால் அந்த முறம் ஃப்ளாப்போடு சேர்ந்து ஒரு சுற்றுக்கு 10 வினாடியைத் தாண்டியது, கவிழாமல்.

கயிறு சம்பந்தமான பாதிக்கு வருகிறேன். வட்டத்தில் சுற்றும்போது வெளி இறக்கையின் நுனி பெரிய வட்டத்திலும் உள் இறக்கையின் நுனி சின்ன வட்டத்திலும் போகிறது. எங்கள் 80 சென்டிமீட்டர் இறக்கையில் வெளி நுனி உள் நுனியைவிட 7 சதவீதம் வேகம், தூக்குவிசையில் அது 14 சதவீத வித்தியாசம். போதாக்குறைக்கு நூலின் எடையும் உள் பக்கம் தொங்குகிறது. அப்படியென்றால் வெளிப்பக்கம் நிமிர்ந்து விமானம் நம் பக்கம் சாய வேண்டும், சாய்ந்தால் நூல் துவளும். அதனால் உள் இறக்கையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாக வைப்பதும், வெளி நுனியில் கொஞ்சம் எடை வைப்பதும் வழக்கம். எங்களுக்கு 10 கிராம் போதுமாக இருந்தது, பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டு. நூல் வெளியேறும் இடத்தையும் முன்பின் நகர்த்துகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தள்ளினால் மூக்கு வட்டத்துக்கு வெளியே பார்க்கும், ப்ரொப்பெல்லரே நூலை இழுத்து விறைப்பாக்கும். வேகச் சுற்றில் அப்படிக் கோணலாகப் போனால் வீண், மெதுச் சுற்றில் அதுதான் உயிர். அதனால் தேர்ந்த கேரியர்காரர்கள் மெதுச் சுற்று ஆரம்பிக்கும்போது அந்த இடம் தானாகப் பின்னால் வழுக்கிப் போகிற மாதிரி வைத்திருப்பார்கள். அதை நாங்கள் இன்னும் செய்யவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வளைவையும் ஃப்ளாப்பையும் எடையையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. ஐந்து சுற்றுக்கு ஃபோனில் நேரம் எடுத்து ஐந்தால் வகுத்து நோட்டில் எழுதுங்கள், கூடவே அன்றைய நேரத்தையும் வெயிலையும். நம் ஊரில் வெயில் சும்மா விடாது: 15 டிகிரிக் குளிரில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு, அதே இறக்கை 4 சதவீதம் அதிக வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடும். காலையில் ஜெயித்த இறக்கை மத்தியானம் தோற்றால் இறக்கையைத் திட்டாதீர்கள். காற்று வீசினால் இன்னும் மோசம். மணிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றும்போது 10 கிலோமீட்டர் காற்று அடித்தால், காற்றோடு போகும் பக்கத்தில் இறக்கைக்குக் கிடைப்பது 20தான். ஆடி மாசத்தில் நான் விமானத்தை எடுப்பதே இல்லை, மாசி பங்குனி விடிகாலைதான் இதற்கு.

கம்பி உலோகமாக இருந்தால் மின்கம்பி பக்கமே போகக் கூடாது, இதில் விளையாட்டே வேண்டாம். நாங்கள் தூண்டில் கடையில் கிடைக்கும் பின்னல் நூல்தான் போடுகிறோம், ஆனாலும் மின்கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம் என்று வந்துவிடுவோம். விமான நிலையம் இருக்கும் அவனியாபுரம், பெருங்குடிப் பக்கமும் வேண்டாம். ஒருநாள் கண்மாயில் ஆடு மேய்க்க வந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, கயித்த அத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிராதா?" என்று கேட்டார். "போகாதுய்யா" என்று சொல்லிவிட்டேன், ஆனால் கேள்வி நியாயமானது. எங்கள் விமானம் முழு வேகத்தில் ஒன்றரைக் கிலோதான் இழுக்கும், இருந்தாலும் ஒவ்வொரு நாளும் பறக்கும் முன்னால் பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு ஸ்பிரிங் தராசை நடுவில் மாட்டி 8 கிலோ வரை இழுத்துப் பார்க்கிறோம். அன்று அந்தப் பெரியவரையே இழுக்கச் சொன்னேன். முள் 8ஐத் தாண்டியதும்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார், அதுவும் வட்டத்துக்கு நல்ல தூரம் விலகி.